கேன்சர் பிழைக்க ஒரு ஜெபக்கூட்டம்

ஆராய்ச்சி செய்கிற பெண்ணை வீட்டில் வைத்திருப்பவர்கள், அவள் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. "ஏதோ சயின்ஸ்ல படிக்கிறா" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் யாருக்கும் சேதாரம் இல்லை. என் அம்மாவுக்கு அப்படி நிறுத்தத் தெரியாது. சேலையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பாதி கேட்டுவிட்டு முழுசாக விளக்கம் கொடுப்பது அவள் தொழில். (எனக்கும் அந்த ரத்தம்தான் ஓடுகிறது. அதனால் வந்த வினைதான் இது.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் வீடு மாடம்பாக்கம் போகிற ரோட்டில். தினமும் காலையில் ஷேர் ஆட்டோவில் நசுங்கித் தாம்பரம் வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் இன்னொரு முறை நசுங்கி, பல்லாவரம் தாண்டி ஒரு ஆய்வு நிறுவனத்துக்குப் போய்ச் சேருவேன். அங்கே கேன்சர் செல்களை வளர்ப்பதுதான் என் வேலை. மற்றவர்கள் மீன் வளர்ப்பார்கள், ரோஜா வளர்ப்பார்கள். நான் இதை வளர்த்தேன்.

என்ன ஆராய்ச்சி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிரம்ம வித்தை ஒன்றும் இல்லை. புதுச் சேலை வாங்கினால் முந்தானையில் நூல் பிரிந்துவிடாமல் குஞ்சம் கட்டுகிறோம் இல்லையா? நம் செல்களுக்குள் இருக்கிற குரோமோசோம்களுக்கும் இரண்டு முனையிலும் அப்படி ஒரு குஞ்சம் உண்டு. டெலோமியர் என்று பெயர். செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அந்தக் குஞ்சத்தில் கொஞ்சம் உதிரும். உதிர்ந்து உதிர்ந்து மொட்டையானதும் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். மானம் மரியாதை உள்ள செல் அப்படித்தான் வாழ்ந்து முடிக்கும். கேன்சர் செல்களில் பெரும்பாலானவை டெலோமரேஸ் என்று ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டு, உதிர உதிரத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு ஓய்வே கிடையாது. இதில், அந்தக் குஞ்சத்தின் மேலேயே சில புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, "போதும்ப்பா, இதுக்கு மேல கட்டாதே" என்று கட்டுகிற ஆளைத் தடுக்கிற ரகம். அந்தப் புரதத்தைக் கேன்சர் செல்லுக்குள் வழக்கத்தைவிட அதிகமாக உண்டாக்கினால் குஞ்சம் மெல்ல மெல்லக் குட்டையாகுமா? இதைப் பார்ப்பதுதான் என் வேலை.

அந்த "மெல்ல மெல்ல"தான் என் உயிரை எடுத்தது. செல்களை மாதக்கணக்கில் சாகாமல் வளர்க்க வேண்டும். இடம் நிறைந்ததும் பிரித்துப் புதுக் குடுவையில் போட வேண்டும், அவ்வப்போது எடுத்துக் குஞ்சத்தை அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. கோயிலுக்குப் போயே மாதக்கணக்காகியிருந்தது. நடுவில் செல்கள் செத்துவிட்டால், உறைய வைத்திருக்கிற பழைய செல்களை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புத்தியுள்ளவர்கள் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து உறைய வைப்பார்கள். நான் "அடுத்த வாரம் பண்ணிக்கலாம்" என்று தள்ளிப் போட்டதில், என்னிடம் உறைந்து கிடந்தவை அரை வருஷத்துப் பழசு. என் வழிகாட்டி, நாங்கள் சார் என்று மட்டும் கூப்பிடுகிறவர், தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"அடுத்த மாசம் கமிட்டி உட்காரும்மா. குட்டையாச்சுன்னு அளந்து காட்டிட்டேன்னா நீட்டிப்பு கிடைக்கும். காட்டலேன்னா உன் பிஎச்.டி. பதிவை ரத்து பண்ணிடுவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடந்தது. எங்கள் சபைப் பெண்கள் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துக் கூடுவார்கள். பாட்டு, வேதபாடம், அப்புறம் யார் யாருக்கு என்னென்ன விண்ணப்பம் என்று கேட்டு ஒவ்வொன்றுக்காகவும் ஜெபிப்பார்கள். ஒருத்தி மகனுக்கு விசா, ஒருத்தி வீட்டு போர்வெல்லில் தண்ணீர், ஒருத்தி மருமகளின் பேச்சு. கடைசியில் பஜ்ஜி. அன்று பஜ்ஜி போடுகிற பொறுப்பு எனக்கு. அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா விண்ணப்பம் சொல்கிற குரல் வந்தது. "எங்க பியூலா கேன்சர் செல்லை வெச்சு ஆராய்ச்சி பண்றா. அந்த செல்லு சாகவே மாட்டேங்குதாம். ராத்திரி பகல் அதோட போராடுறா. பிள்ளைக்குத் தூக்கம் இல்ல."

பாதி உண்மை என்பது எவ்வளவு ஆபத்தானது பாருங்கள். நான் வாழைக்காயும் கையுமாக வெளியே வந்து திருத்தியிருக்கலாம். எண்ணெய் காய்ந்திருந்தது, சிரிப்பும் வந்தது, விட்டுவிட்டேன்.

அதற்குள் எஸ்தர் ஆன்ட்டி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஆன்ட்டி அம்மாவின் பழைய சிநேகிதி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. அன்றைக்கு அந்தக் குரல் அடுப்படிச் சுவரைத் தாண்டி வந்து என் காதைப் பிடித்துத் திருகியது.

"ஆண்டவரே, அந்தக் கேன்சர் செல்கள் ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. வேரோட, வேரடி மண்ணோட அழிச்சுப் போடும். எங்க ஒளிஞ்சிருந்தாலும் தேடிப் பிடிச்சு அழிச்சுடும் ஐயா."

"ஆமென்" என்று கூடம் அதிர்ந்தது. ஆன்ட்டிக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஜ்ஜித் தட்டைக் கூடத்தில் நீட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டேன். சாயங்காலம் ஒரு தரம் செல்களைப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

திங்கட்கிழமை காலையில் என்னுடைய நான்கு குடுவைகளில் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். குடுவையின் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பரவியிருக்க வேண்டிய செல்கள் உருண்டு திரண்டு மிதந்துகொண்டிருந்தன. மிதந்தால் போச்சு என்று அர்த்தம்.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், பக்கத்து மேஜை ரவியிடம் ஜெபக்கூட்டக் கதையைத் தமாஷாகச் சொன்னேன். ரவி குன்றத்தூர்க்காரன். எதையும் தமாஷாக எடுத்துக்கொள்கிற ஆள்தான், ஆனால் சாமி விஷயம் தவிர.

"இன்னா பியூலா சொல்ற? உங்க வூட்லயே சூனியம் வெச்சாங்களா?"

"சூனியம் இல்லடா. ஜெபம்."

"பேரு இன்னாவா வேணா இருக்கட்டும். வேலை செஞ்சிகினு கீது இல்ல? போய் கேன்சல் பண்ணச் சொல்லு."

"விஞ்ஞானி மாதிரிப் பேசு ரவி."

"விஞ்ஞானிக்குத்தான் சொல்றேன். மூணு டப்பாதான் பாக்கி கீது."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். இன்குபேட்டர் என்பது செல்களுக்கு வேண்டிய வெப்பத்தையும் காற்றையும் அளவாக வைத்திருக்கிற பெட்டி. ஒரு குடுவையை எடுப்பேன், வெளிச்சத்தில் காட்டுவேன், மைக்ராஸ்கோப்பில் வைப்பேன், திரும்ப வைப்பேன். உட்கார்ந்து இரண்டு வரி படிப்பேன். இப்போது எப்படி இருக்கிறதோ என்று தோன்றும். எழுந்துவிடுவேன். செல்கள் குடிக்கிற திரவமான மீடியத்தின் நிறம் கொஞ்சம் மாறியது மாதிரி இருந்தால் புதிதாக மாற்றி ஊற்றுவேன். ரவியின் செல்கள் அதே அறையில் வேறொரு பெட்டியில் சௌக்கியமாக இருந்தன. அவன் சோம்பேறி, பெட்டிப் பக்கமே போகமாட்டான். அந்த அநியாயம் வேறு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

புதன்கிழமை இரண்டாவது குடுவை மிதந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது. சார் அந்த வாரம் டெல்லி போயிருந்தார். போன் பண்ணிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடைசிக் குடுவையிலும் பாதி செல்கள் கிளம்பிவிட்டன, மீதி ஏதோ ஒப்புக்கு ஒட்டிக்கொண்டிருந்தன.

ஐந்து வருஷம் படித்த அறிவியல் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், குரோம்பேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் என்னை விட்டு இறங்கிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அந்த ஜெபத்தைக் கொஞ்சம் வாபஸ் வாங்கச் சொல்லேன்."

அம்மா விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜெபத்தை வாபஸ் வாங்கறதா? அது என்ன கரண்ட் ஆபீஸ்ல குடுத்த கம்ப்ளெய்ன்ட்டா?"

"என் செல்லெல்லாம் செத்துட்டிருக்கும்மா. செத்தா என் பதிவும் போச்சு."

"சாகணும்னுதானே நீ ராப்பகலா உழைக்கிறே?"

"சாகணும். ஆனா இப்ப இல்ல. மெதுவா சாகணும். நான் அளந்து முடிச்சப்புறம் சாகணும்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். ஒன்றும் புரியாதபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார்.

கடைசியில் அம்மா இறங்கி வந்தாள். மறுநாள் சனிக்கிழமை கோவிலம்பாக்கத்தில் எஸ்தர் ஆன்ட்டி வீட்டில் விசேஷமாக ஒரு கூட்டம் இருக்கிறது, என்னையும் அழைத்துப் போகிறேன் என்றாள். ஒரு நிபந்தனை. "நீ வாயைத் திறக்காதே. விண்ணப்பத்தை நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

போன தடவை அவள் பக்குவமாகச் சொன்னதன் பலனைத்தான் நான் அனுபவித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நானே பேசுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக பஸ். அம்மா ஜன்னலோரம். கேம்ப் ரோடு தாண்டியதும், "எஸ்தர் ஆன்ட்டியைப் பத்தி உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"அப்புறம் சொல்லும்மா. நான் மனசுக்குள்ள யோசிச்சிட்டிருக்கேன்."

நான் யோசித்துக்கொண்டிருந்தது எல்லாம் குஞ்சம், கட்டுகிற ஆள், தடுக்கிற புரதம். ஐந்து மணிக்குள் முடித்தால் நேராக லேபுக்கு ஓடி ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்பதும். அம்மா மேடவாக்கம் கூட்டு ரோட்டில் இன்னொரு தரம் ஆரம்பித்தாள். "கொஞ்சம் சும்மா வாயேன்" என்று நான் எரிந்து விழுந்தேன். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆன்ட்டி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் எங்கள் பெண்கள் எல்லோரும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முக்காடு போட்டுக்கொள்வார்கள். அதனால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். எஸ்தர் ஆன்ட்டி மட்டும் மூலையில் ஒரு பிரம்பு நாற்காலியில், அவரும் முக்காட்டுடன். பார்த்து ஒரு வருஷம் இருக்கும். பாதியாக இளைத்திருந்தார்.

வாயைத் திறக்காதே என்று அம்மா சொன்னாளே என்று நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆன்ட்டி, சூப்பரா இளைச்சிட்டீங்களே. என்ன பண்ணீங்க? எனக்கும் சொல்லுங்க."

அம்மா என் முழங்கைக்கு மேல் கிள்ளினாள். (அந்தக் கிள்ளல் எதற்கென்று விசாரிக்காமல், பதிலுக்கு அவளை முறைத்தேன். அவ்வளவு புத்திசாலி.)

"அது ஒரு ட்ரீட்மென்ட்மா" என்றார் ஆன்ட்டி. "உனக்கு வேண்டாம்."

பாட்டு முடிந்து, வேதபாடம் முடிந்து, விண்ணப்பங்களுக்கு வந்தார்கள். அம்மா தொண்டையைச் செருமுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"போன வாரம் எல்லாரும் எனக்காக ஜெபிச்சீங்க. ரொம்ப நன்றி. ஆனா அதுல ஒரு சின்ன மாற்றம் வேணும். என் கேன்சர் செல்லெல்லாம் சாகக் கூடாது. நல்லா இருக்கணும், பெருகணும். அதுக்காக ஜெபம் பண்ணுங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அது புரியாத பார்வை என்று பட்டது. அப்படியானால் விளக்க வேண்டியதுதானே? ஆரம்பித்தேன். குஞ்சத்திலிருந்து.

"எந்தக் கடையிலம்மா கட்டறாங்க?" என்று முன்வரிசை அக்கா ஒருத்தி கேட்டாள். பக்கத்திலிருந்தவள் அவளை அடக்கினாள். நான் கட்டுகிற ஆளைச் சொன்னேன், தடுக்கிற புரதத்தைச் சொன்னேன். தடுக்கிற புரதம் அதிகமானால் குஞ்சம் குட்டையாகி, அந்த செல்கள் கடைசியில் தாமாகவே செத்துவிடலாம் என்று சொன்னேன்.

"அப்ப சாகணும்னுதானே சொல்ற?"

"ஆமாங்கா. ஆனா இந்த மாசம் இல்ல."

"தெளிவா சொல்லும்மா, சாகணுமா பொழைக்கணுமா? ஆண்டவர்கிட்ட என்னன்னு கேக்கறது?"

"இப்ப பொழைக்கணும். அப்புறமா சாகணும். ஆனா என் புரதத்தாலதான் சாகணும். வேற எதாலயும் சாகக் கூடாது."

யாரோ "இயேசுவே" என்றார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. மாதக்கணக்காக நான் பேசுவதைக் கேட்க மைக்ராஸ்கோப்பைத் தவிர ஆளில்லாமல் இருந்தேன் இல்லையா, இங்கே ஒரு கூடம் நிறைய ஆட்கள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

"உண்மையில கேன்சர் செல்லு ரொம்ப அருமையானது. எவ்ளோ கெட்டிக்காரத்தனம் தெரியுமா? நாம நித்திய ஜீவன், நித்திய ஜீவன்னு பாடறோம். அதுக்கு ஏற்கெனவே கிடைச்சாச்சு. சாப்பாடு குடுத்துட்டே இருந்தா போதும், அதுக்கு சாவே கிடையாது."

அப்போது மின்விசிறிக் காற்றில் எஸ்தர் ஆன்ட்டியின் முக்காடு நழுவியது. அவர் அதைத் திரும்ப இழுக்கவில்லை. தலையில் ஒரு முடி இல்லை. புருவம்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

எல்லோரும் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சொல்ல வந்த விஷயம் என்னவென்று இப்போது சொல்லாமலே விளங்கியது. போன வெள்ளிக்கிழமை அந்தக் குரலில் இருந்த ஆவேசமும் விளங்கியது. ஆன்ட்டி என் செல்களுக்காக மட்டும் அன்றைக்கு ஜெபிக்கவில்லை. அந்த மனுஷி வீட்டில், அவர் எதிரே நின்றுகொண்டு, கேன்சர் பிழைக்கணும் பெருகணும் என்று நான் விண்ணப்பம் வைத்திருக்கிறேன். இளைத்ததற்கு வழி வேறு கேட்டிருக்கிறேன்.

நான் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி வெட்கப்பட்டதில்லை. உட்காரலாமா, வெளியே ஓடலாமா என்று தெரியாமல் கையை ஆட்டிய நிலையிலேயே நின்றேன்.

"எஸ்தர், மன்னிச்சுடு. இவளுக்குத் தெரியாது. நான் சொல்லலை" என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்துவிட்டது.

"தெரியாதவதான் ஒழுங்காப் பேசறா" என்றார் ஆன்ட்டி. "நீங்கள்லாம் என் முன்னாடி அந்த வார்த்தையையே எடுக்கறதில்ல. அதுங்கறீங்க, அந்த வியாதிங்கறீங்க. ஆறு மாசமா எனக்கு என்ன வந்திருக்குன்னு ஒருத்தர்கூட எனக்கு வெவரமா சொல்லலை. பியூலா, நீ ஏன் நிறுத்திட்டே? இப்படி வா."

போனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்னோடதுலயும் அந்தக் குஞ்சம் கட்டற ஆள் இருப்பானா?"

"அனேகமா இருப்பான் ஆன்ட்டி."

"உன் புரோட்டீன் அவனை நிறுத்துமா?"

"தெரியாது. அதைத்தான் பாத்துட்டிருக்கேன். நிறுத்தினாலும் அது மருந்தா வர எத்தனையோ வருஷம் ஆகும். வராமலே கூடப் போகலாம்." பொய் சொல்ல மனசு வரவில்லை. "உங்களுக்கு உதவாது ஆன்ட்டி."

"அது எனக்குத் தெரியாதா? எனக்கு ஆஸ்பத்திரி இருக்கு. உனக்குப் பாத்து முடிக்க அந்தச் சனியன் உயிரோட இருக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா ஆன்ட்டி."

அவர் முந்தானையை எடுத்து மறுபடி தலைமேல் போட்டுக்கொண்டார். "சரி, எல்லாரும் முழங்கால் போடுங்க. என்னால முடியாது, நான் உட்கார்ந்தே பண்றேன்."

அத்தனை பேரும் முழங்காலில் நின்றார்கள். ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போடும்போது அவர் எப்படிப் பேசியிருப்பாரோ, அதே தெளிவு.

"ஆண்டவரே, போன வெள்ளிக்கிழமை நாங்க கேட்டதுல ஒரு திருத்தம். பல்லாவரத்துல, லேபுக்குள்ள, பியூலா பேர் எழுதின பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கிற செல்லு பொழைக்கட்டும். நல்லா பெருகட்டும். கோவிலம்பாக்கத்துல, இந்த நாற்காலியில, எனக்குள்ள இருக்கிறது சாகட்டும். ரெண்டும் வேற வேற. பேரு ஒண்ணா இருக்கேன்னு தயவுசெஞ்சு குழப்பிக்கொள்ளாதேயும்."

முதலில் யாரும் ஆமென் சொல்லவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் சொன்னாள், அழுகையோடு. அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். நான் ஆன்ட்டியின் முழங்காலில் தலையை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தேன். அழுகை செல்லுக்காக இல்லை என்று எனக்கே நன்றாகத் தெரிந்தது.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மணியைப் பார்த்தேன். ஆன்ட்டி கவனித்துவிட்டார்.

"எங்க ஓடறே?"

"லேபுக்கு. ஒரே ஒரு தரம் பாத்துட்டு..."

"போகாதே. கேட்டாச்சு, ஒப்படைச்சாச்சு. திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அன்று மறுத்துப் பேச எனக்கு முகம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கோயிலில் பிரசங்கம் முழுவதும் காலாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். துவைத்தது காய்வதற்குள் திரும்ப மாட்டினேன். மாடம்பாக்கம் கோயில் தெரு வரைக்கும் நடந்து திரும்பினேன், திரும்பவும் நடந்தேன். "இவளை யாராவது கட்டிப் போடுங்கப்பா" என்று அப்பா கெஞ்சினார்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் போனேன். குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மிதந்தவை மிதந்தபடி இருந்தன. ஆனால் அடியில் மிச்சமிருந்தவை தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பரவியிருந்தன. இங்கொன்றும் அங்கொன்றுமாக, இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன.

"குன்றத்தூர் மலை ஏறித் தேங்கா ஒடச்சிட்டு வந்தேன்" என்றான் ரவி பின்னாலிருந்து. "சும்மாவா? என் முருகன் கைவிடுவானா?"

பத்து மணிக்கு சார் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், ஜெபத்தை மட்டும் விட்டுவிட்டு. அவர் குடுவையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போன வாரம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தக் கதவைத் திறந்தே?"

நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். ரவி வாய்க்குள்ளேயே, "அவங்க வூட்டு ஃபிரிட்ஜ்கூட அத்தனை தபா தொறந்திருக்க மாட்டாங்க சார்" என்றான்.

"முதல் குடுவை வேற ஏதோ காரணத்தால போயிருக்கும், அது சகஜம். மத்தது நீ பண்ணின வேலை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ள இருக்கிற காத்து வெளிய போயிடும், சூடும் குறையும். அது பழைய நிலைமைக்கு வர்றதுக்குள்ள நீ மறுபடி திறந்திருப்பே. போதாததுக்கு மீடியத்தை வேற மாத்தி மாத்திக் கலக்கியிருக்கே. அது எப்படிம்மா ஒட்டும்? சனி ஞாயிறு என்ன பண்ணினே?"

"வரலை சார்."

"அதான் பொழைச்சிருக்கு."

ஆக, செல்கள் பிழைத்ததற்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். நான் யாரையும் மறுக்கவில்லை. மிச்சமிருந்தவற்றைப் பெருக்கி, முதல் வேலையாகக் கொஞ்சம் எடுத்து உறைய வைத்தேன். கமிட்டிக்கு முந்தைய வாரம் அளந்தேன். குஞ்சம் குட்டையாகியிருந்தது. அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குட்டை. கமிட்டியில் ஒருவர், "நடுவுல செல்கள் குறைஞ்சு போயிருக்கே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். பராமரிப்புக் கோளாறு என்றேன். நீட்டிப்பு கிடைத்தது.

ஆன்ட்டிக்குச் சிகிச்சை அதற்குப் பிறகும் வெகு நாள் நடந்தது. நான் சனிக்கிழமைகளில் கோவிலம்பாக்கம் போக ஆரம்பித்தேன். அவருக்கு ஸ்கேன் எடுத்த வாரம் மட்டும் போகப் பயந்துகொண்டு, லேபில் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி லேப் போனில் கூப்பிட்டார்.

"உன்னோடது எப்படி இருக்கு?" என்றார், எடுத்ததும்.

"நல்லா இருக்கு ஆன்ட்டி. பெருகிட்டே இருக்கு." என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "உங்களோடது?"

"செத்துப்போச்சாம். தேடித் தேடிப் பாத்தாராம் டாக்டர், ஒண்ணும் காணோமாம்."

நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுததில் ரவி பயந்துபோய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அந்தப் பக்கம் ஆன்ட்டி அதட்டிக்கொண்டிருந்தார். "எதுக்கு அழுவறே? நான்தான் ரெண்டும் வேற வேறன்னு தெளிவா சொன்னேனே."

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் வீட்டில் யார் எதற்காக ஜெபிக்கச் சொன்னாலும், அது மூட்டு வலியோ, பல்லியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாகணுமா பொழைக்கணுமா, மொதல்ல அதைச் சொல்லு" என்பார். என் மகள் இப்போது அவரை முந்திக்கொண்டு கேட்கிறாள்.

ஆன்ட்டிக்கு முடி வளர்ந்து, அதுவும் நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருக்கிறது. எங்கள் சபையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தியில் என் கையைப் பிடித்து இழுத்து, மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று பார்க்காமல் அறிமுகம் செய்வார். "இதான் பியூலா. என் வீட்டுக்கே வந்து, கேன்சர் நல்லா இருக்கணும்னு என்னையே ஜெபிக்க வெச்ச பொண்ணு." கேட்டவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இலையோடு வேறு மேஜைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆன்ட்டி அதைப் பொருட்படுத்துவதில்லை. காலியான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கச் சொல்வார்.